கியூப்ஸ் ஓஎஸ்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிடுவது எப்படி: டர்பன் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கியூப்ஸில் "இடம் இல்லை" என்று ஒரு செய்தி வந்தால் உடனே கோப்புகளை அழிக்கக் கிளம்பாதீர்கள். (கியூப்ஸ் என்பது ஒரே கணினியைப் பல தனித்தனி அறைகளாகப் பிரித்து ஓட்டும் இயங்குதளம்; அந்த அறை ஒவ்வொன்றும் ஒரு 'கியூப்'.) எந்த இடம் தீர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் 300 ஜிபி சும்மா கிடக்கும். ஆனாலும் ஒரு கியூபில் ஒரு பிடிஎஃப் கூடச் சேமிக்க முடியாது. இன்னொரு நாள் ஒவ்வொரு கியூபும் தாராளமாக இடம் இருப்பதாகக் காட்டும். ஆனால் மொத்தக் கணினியும் திணறும். இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

டர்பனில் கியூப்ஸைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டுக்கு வருவதில்லை. வக்கீல் அலுவலகம், கணக்காளர், சங்கத்துச் செயலாளர் என்று அடுத்தவருடைய அடையாள எண்ணும் வங்கி விவரமும் கையில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் 'போப்பியா' என்று சொல்வது, 2021 ஜூலையிலிருந்து கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் சட்டத்துக்கும் டிஸ்க் இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, கொஞ்சம் கீழே வருகிறது.

இந்த வழிகாட்டி 4.2 பதிப்பை வைத்து எழுதியது. கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டில் சந்தேகம் வந்தால் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையை அழுத்துங்கள், மீதியை அதுவே நிரப்பும். இரண்டு கோடு போட்டு ஹெல்ப் என்று சேர்த்தால் அந்தக் கட்டளையின் முழு விவரமும் வரும்.

எது எங்கே இருக்கிறது

கியூப்ஸில் ஒவ்வொரு கியூபும் ஸென் என்ற அடித்தள மென்பொருள் மேல் ஓடும் தனி மெய்நிகர் கணினி. ஒரு சாதாரண ஆப் கியூபுக்கு நமக்குத் தேவையான அளவில் இரண்டு வால்யூம்கள் உண்டு. ஒன்று ரூட்: இயங்குதளமும் நிரல்களும் இருக்கும் பகுதி. இது டெம்ப்ளேட்டிலிருந்து, அதாவது பல கியூப்கள் பகிர்ந்துகொள்ளும் அச்சிலிருந்து, வருகிறது. கியூபை மூடினால் இதில் செய்த மாற்றம் எல்லாம் போய்விடும். இன்னொன்று பிரைவேட்: உங்கள் ஹோம் கோப்புறை இருக்கும் இடம். இது மட்டும்தான் தங்கும். புதிதாக உருவாக்கும் கியூபுக்கு பிரைவேட் அளவு 2 ஜிபிதான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் 'விஎம்-பூல்' என்ற ஒரு பொதுச் சேமிப்பு இருக்கிறது. எல்விஎம் தின் பூல் வகை. நிறுவும்போது வேறு எதையும் மாற்றாதவர்களுக்கு இதுதான் அமைந்திருக்கும். எல்லாக் கியூப்களையும் நிர்வகிக்கும் தலைமைப் பகுதியான டாம்0-வுக்கு மட்டும் 'ரூட்-பூல்' என்று தனியாக ஒன்று. நிறுவும்போது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கீழே வரும் எல்விஎம் கட்டளைகள் பொருந்தாது. கியூவிஎம் என்று தொடங்கும் கட்டளைகள் பொருந்தும்.

மாடி வீட்டில் ஒரே தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆறு குடித்தனத்துக்குக் குழாய் போவதைப் போல இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கியூபுக்கு 50 ஜிபி என்று கொடுத்தால் அது வெறும் மேல்வரம்பு. அந்த 50 ஜிபி அங்கே ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. எழுத எழுதத்தான் பூலிலிருந்து போகும். அதனால் 256 ஜிபி டிஸ்க்கில் மொத்தம் 400 ஜிபிக்கு வரம்பு போட்டு வைத்தாலும் கியூப்ஸ் தடுக்காது. வசதிதான். எல்லோரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறக்கும் வரை.

முதலில் அளந்து பாருங்கள்

பணிப்பட்டியின் ஓரத்தில் சின்ன டிஸ்க் படம் ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கினால் மொத்தப் பயன்பாடு, ஒவ்வொரு பூலின் சதவீதம் எல்லாம் வரும். 90 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே எச்சரிக்கும். தினமும் ஒரு தடவை கண் அந்தப் பக்கம் போனால் போதும்.

விவரம் வேண்டுமானால் டாம்0 டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் 'எல்விஎஸ்' கொடுங்கள். நீண்ட பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். விஎம்-பூல் என்ற வரியைத் தேடி, அதில் டேட்டா சதவீதம், மெட்டா சதவீதம் என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். டேட்டாவைப் பலரும் பார்க்கிறார்கள். மெட்டாவை யாரும் பார்ப்பதில்லை. எந்தத் துண்டு யாருடையது என்று பூல் வைத்திருக்கும் கணக்கு அது. அது நிரம்பினாலும் பூல் நின்றுவிடும், டேட்டா பாதிதான் நிறைந்திருந்தாலும் சரி.

எந்தக் கியூப் அதிகம் சாப்பிடுகிறது என்பதற்கு 'கியூவிஎம்-எல்எஸ்' கட்டளையை டிஸ்க் வடிவத்தில் கேட்டால் ஒவ்வொன்றும் வரிசையாக வரும். கியூபுக்குள்ளேயே பார்க்க, அதன் டெர்மினலில் 'டிஎஃப்' கொடுத்து, 'ஆர்டபிள்யூ' என்று முடியும் வரியைப் பாருங்கள். அதுதான் பிரைவேட்.

பிரைவேட் நிரம்பினால்

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். பிரவுசர் திறக்க மறுக்கும், மெயில் இறங்காது, கியூபுக்குக் கியூப் நகலெடுக்கும்போது பாதியில் நிற்கும்.

இங்கே பல வீடுகளில் இப்போது நடக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். 1860-க்கும் 1911-க்கும் இடையில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பழைய சீட்டுகள், கலோனியல் நம்பர் எழுதிய காகிதங்கள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு பக்கமே சுமார் 104 எம்பி. 2 ஜிபி பிரைவேட்டில் இருபது பக்கம்தான் கொள்ளும். ஒரு மாலை வேலைக்குக் கூடப் போதாது.

பெரிதாக்குவது சுலபம். கியூப் மேனேஜரில் அந்தக் கியூபைத் தேர்ந்து செட்டிங்ஸைத் திறங்கள். பேசிக் என்ற முதல் பக்கத்தில் 'பிரைவேட் ஸ்டோரேஜ் மேக்ஸ் சைஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். அளவு எம்பி கணக்கில்: 20 ஜிபி வேண்டுமானால் 20480. ஓகே கொடுத்தால் முடிந்தது. கியூப் ஓடிக்கொண்டிருந்தாலும் லினக்ஸ் கியூபில் கோப்பு முறைமை தானாக விரிந்துவிடும். விண்டோஸ் கியூபில் மட்டும் உள்ளே போய் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் நீங்களே விரிக்க வேண்டும். டெர்மினல்தான் பிடிக்கும் என்றால் 'கியூவிஎம்-வால்யூம் எக்ஸ்டெண்ட்', அடுத்து கியூபின் பெயர், முக்காற்புள்ளி, பிரைவேட், கடைசியில் அளவு. இந்த அளவு புதிய மொத்தம். கூட்டிக்கொள்ளும் அளவு அல்ல. 20 ஜிபி கியூபுக்கு 10 ஜிபி சேர்க்க வேண்டுமானால், அலகையும் சேர்த்து, 30GiB என்று கொடுக்க வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏற்றிய வரம்பை இறக்க முடியாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று 200 ஜிபி போட்டவர்கள் பின்னால் குறைக்க வேண்டுமானால் சின்ன வரம்புடன் புதுக் கியூப் ஒன்றை உருவாக்கி, கோப்புகளை அதற்கு நகலெடுத்து, சரிபார்த்த பிறகு பழையதை நீக்க வேண்டும். அதனால் தேவைக்கேற்ப ஏற்றுவதே புத்திசாலித்தனம்.

ஏற்றுவதற்கு முன்னால் 'கியூப்ஸ்இன்கமிங்' கோப்புறையையும் எட்டிப் பாருங்கள். மற்ற கியூப்களிலிருந்து அனுப்பியவை எல்லாம் அங்கேதான் வந்து விழும். அதிலிருந்து வேறு கோப்புறைக்கு நகலெடுத்துக்கொண்டு அசலை மறந்துவிடுவோம். அனுப்பிய கியூபிலும் ஒரு பிரதி இருக்கும். ஆக ஒரே ஸ்கேன் மூன்று இடத்தில். அப்புறம் குப்பைத்தொட்டி: கோப்பு மேலாளரில் டெலீட் அழுத்தியது எல்லாம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும்.

டெம்ப்ளேட் நிரம்பினால்

அப்டேட் பாதியில் தோல்வி அடைந்தால் சந்தேகிக்க வேண்டியது டெம்ப்ளேட்டின் ரூட்டை. முதலில் அதற்குள் பொதி மேலாளரின் சேமிப்பைக் காலி செய்யுங்கள்: டெபியனில் 'ஆப்ட் கிளீன்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப் கிளீன் ஆல்'. போதவில்லை என்றால் டெம்ப்ளேட்டை அணைத்துவிட்டு, அதே செட்டிங்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஸ்டோரேஜ் மேக்ஸ் சைஸ்' எண்ணை ஏற்றுங்கள். அதை நம்பி இருக்கும் ஆப் கியூப்கள் அடுத்த முறை திறக்கும்போது புதிய அளவைப் பெறும். ஆப் கியூபின் ரூட்டைத் தனியாகப் பெரிதாக்கப் பார்க்க வேண்டாம். அது டெம்ப்ளேட்டைப் பொறுத்தது.

பழைய டெம்ப்ளேட்கள்தான் பெரிய தின்னி. ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆதரவு ஏறக்குறைய 13 மாதம்தான். அதனால் வருடம் ஒரு புது டெம்ப்ளேட் வந்து சேரும், பழையது மூலையில் கிடக்கும். எல்லாக் கியூப்களையும், டிஸ்போசபிளுக்கான (ஒருமுறை பயன்படுத்தி மூடியதும் மறையும் கியூப்) கியூபையும், நெட்வொர்க், ஃபயர்வால், யுஎஸ்பி ஆகியவற்றைக் கவனிக்கும் சிஸ்-நெட், சிஸ்-ஃபயர்வால், சிஸ்-யுஎஸ்பி ஆகியவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டு, டெம்ப்ளேட் மேனேஜரில் பழையதை நீக்குங்கள். மறந்த ஒன்று பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தால் கியூப்ஸ் நீக்க விடாது. எது என்றும் சொல்லும். டோர் வழியாக அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் ஹூனிக்ஸைப் பயன்படுத்தவே இல்லை என்றால் அதன் இரண்டு டெம்ப்ளேட்டும் எதற்கு? ஆனால் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் ஜிபி கணக்கில் மறுபடி இறக்க வேண்டும். மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் யோசித்து நீக்குங்கள்.

அழித்தும் ஏன் இடம் திரும்பவில்லை

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். 40 ஜிபி ஸ்கேன்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கியூபிலிருந்து அழிக்கிறீர்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்கிறீர்கள். கியூபுக்குள் பார்த்தால் இடம் வந்திருக்கிறது. பூலில் பார்த்தால் ஒரு ஜிபி கூடக் குறையவில்லை.

காரணம், கியூபை மூடும்போதெல்லாம் பிரைவேட்டின் முந்தைய நிலையைக் கியூப்ஸ் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து வைக்கிறது. கியூப் ஓடும்போது நீங்கள் வேலை செய்வது ஒரு நகலின் மேல். அசல் அப்படியே இருக்கும். மூடும்போது அந்த அசல் பழைய பிரதியாக ஒதுங்கும், நகல் புது அசலாகும். ஆகவே இன்று அழித்த கோப்பு இன்று மூடிய பிறகும் அந்தப் பழைய பிரதியில் இருக்கிறது. ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் அமைப்பில் கியூபை இன்னொரு முறை திறந்து மூடினால்தான் அது உதிரும். இரண்டு பிரதி என்றால் இன்னும் ஒரு முறை.

எத்தனை பிரதி என்பதை 'கியூவிஎம்-வால்யூம் இன்ஃபோ' காட்டும். 'ரிவிஷன்ஸ் டு கீப்' என்ற வரியைப் பாருங்கள். கைவசம் இருக்கும் பிரதிகளின் பட்டியலும் கீழே வரும். இது வீண் இடம் என்று நினைக்காதீர்கள். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டால், கியூபை மூடி 'கியூவிஎம்-வால்யூம் ரிவர்ட்' கொடுத்து முந்தைய நிலைக்குப் போகலாம். நான் வேலைக் கோப்புகள் இருக்கும் கியூபில் இதைத் தொடுவதே இல்லை. ஸ்கேன் கியூப் போல, பெரிய கோப்புகள் வந்து போகும் இடத்தில் மட்டும் 'கியூவிஎம்-வால்யூம் கான்ஃபிக்' மூலம் அந்த எண்ணைப் பூஜ்யம் ஆக்கினால் நியாயம்.

வாரக்கணக்கில் அணைக்காமல் மடிக்கணினியை வெறுமனே மூடி வைக்கிறவர்களுக்கு இன்னொரு செலவு. கியூப் ஓடும்வரை அசலும் நகலும் இரண்டும் பூலில் இருக்கும். மாற்றம் கூடக் கூட இரண்டுக்கும் இடையில் பகிர்ந்துகொள்ளும் பகுதி குறையும். மாதம் முழுக்க மூடாத மெயில் கியூப் ஒன்று, உள்ளே காட்டும் அளவைவிடப் பூலில் கணிசமாக அதிகம் பிடிப்பது இதனால்தான். வாரம் ஒரு முறையாவது கியூப்களை மூடுங்கள்.

போப்பியா இங்கேதான் வருகிறது. தேவை முடிந்த பதிவைத் திரும்ப உருவாக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 14-ஆம் பிரிவு. கட்சிக்காரர் ஒருவரின் கோப்பை "அழித்துவிட்டோம்" என்று கடிதம் எழுதும் முன், அந்தக் கியூபைத் தேவையான தடவை திறந்து மூடி, பழைய பிரதிகள் போனதைப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். பேக்கப்பிலும் அது இருக்கும். வக்கீல் அலுவலகங்களுக்கு நான் சொல்வது: கட்சிக்காரருக்கு ஒரு கியூப். வழக்கு முடிந்து, வைத்திருக்க வேண்டிய காலமும் முடிந்த பின் கியூபையே நீக்கினால் அதன் ஸ்னாப்ஷாட்களும் சேர்ந்தே போகும், இடமும் உடனே திரும்பும்.

எவ்வளவு யாருக்கு

கியூப்ஸுக்குக் குறைந்தது 32 ஜிபி டிஸ்க் வேண்டும், 128 ஜிபி எஸ்எஸ்டி நல்லது என்பது அதிகாரபூர்வப் பரிந்துரை. ஓர் அலுவலகத்துக்கு 128 ஜிபி போதாது என்பேன். 512 ஜிபி மடிக்கணினி என்றால் இப்படித் தொடங்கலாம்: கடவுச்சொல் வைக்கும் வால்ட் கியூபுக்கு 2 ஜிபியே தாராளம். வங்கிக் கியூபுக்கும் அப்படியே. மெயிலுக்கு 15. கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் 5. ஸ்கேனுக்கு 80. டெம்ப்ளேட்கள் எல்லாம் சேர்த்து 40 என்று மனதில் கழித்துக்கொள்ளுங்கள். வரம்புகளின் கூட்டுத்தொகை பூலின் அளவை மிஞ்சக் கூடாது என்பதில்லை. ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல் போகவிட வேண்டாம் என்பது என் பழக்கம்.

டாம்0-வில் எதையும் சேமிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்கள் அங்கே குவியும். அவ்வப்போது கியூபுக்கு மாற்றிவிட்டு நீக்கினால் போதும்.

பூல் நிறையும்போது

95 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் புதிதாக எதையும் இறக்காதீர்கள். 100-ஐத் தொட்டால் ஓடும் கியூப்களில் எழுத முடியாமல் கோப்பு முறைமையே கெடலாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று விடுவதற்கில்லை; வரிசையாகச் செய்தால் மீளலாம்.

முதலில் டிஸ்போசபிள் கியூப்களை மூடுங்கள். அவை எழுதியது எல்லாம் அந்த நொடியே பூலுக்குத் திரும்பும். அடுத்து, வேலை இல்லாத மற்றக் கியூப்களை. அதன்பின் வேண்டாத கியூப் அல்லது பழைய டெம்ப்ளேட் ஒன்றை முழுதாக நீக்குங்கள். உள்ளே புகுந்து கோப்பு கோப்பாக அழிப்பதைவிட இது வேகம். மேலே சொன்ன ஸ்னாப்ஷாட் தாமதமும் இல்லை. அது முடியாது என்றால் பெரிய கியூப் ஒன்றின் பிரதி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி ஒருமுறை திறந்து மூடுங்கள்.

பூல் முழுதாக நிரம்பி எந்தக் கியூபும் திறக்காவிட்டாலும் டாம்0 எழுந்து வரும். அதற்கென ரூட்-பூலைப் பிரித்து வைத்ததன் பலன் அது. அங்கிருந்து 'கியூவிஎம்-ரிமூவ்' கொடுத்து ஒரு டெம்ப்ளேட்டையோ கியூபையோ நீக்கலாம். பெயரைத் தட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். நீக்கியதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

இரண்டாவது டிஸ்க் சேர்ப்பது

மடிக்கணினியில் இன்னொரு எஸ்எஸ்டிக்கு இடம் இருந்தால் நீக்கி நீக்கிச் சமாளிப்பதைவிட இது மேல். யுஎஸ்பி டிஸ்க்கைப் பூலாக்க வேண்டாம்; யுஎஸ்பி எல்லாம் சிஸ்-யுஎஸ்பியின் பொறுப்பில் இருக்கிறது, டாம்0-வுக்குக் கொண்டுவந்தால் பாதுகாப்பின் அடிப்படையே போய்விடும்.

டாம்0-வில் 'எல்எஸ்பிஎல்கே' கொடுத்துப் புது டிஸ்க்கின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அளவை வைத்து இரண்டு முறை உறுதி செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த கட்டளை அதில் இருப்பதை எல்லாம் துடைத்துவிடும். 'கிரிப்ட்செட்அப்' மூலம் லக்ஸ் குறியாக்கம் போட்டுத் திறந்து, கணினி தொடங்கும்போது தானாகத் திறக்க 'கிரிப்ட்டேப்' கோப்பில் ஒரு வரி சேருங்கள். திறந்த சாதனத்தின் மேல் 'பிவிகிரியேட்', பிறகு 'விஜிகிரியேட்', பிறகு 'எல்விகிரியேட்' கொண்டு ஒரு தின் பூல். இதில் இடத்தை முழுதும் பூலுக்கே கொடுக்காமல் சில ஜிபியை விட்டு வையுங்கள். மெட்டா நிரம்பினால் அதைப் பெரிதாக்க அந்த இடம் வேண்டும். கடைசியாக 'கியூவிஎம்-பூல் ஆட்' மூலம் பூலுக்கு ஒரு பெயரும், எல்விஎம் தின் என்ற வகையும், வால்யூம் குரூப் பெயரும், தின் பூல் பெயரும் கொடுத்தால் கியூப்ஸுக்குத் தெரிந்துவிடும்.

இருக்கும் கியூபை அப்படியே இழுத்து நகர்த்த முடியாது. அதை மூடிவிட்டு, 'கியூவிஎம்-குளோன்' கட்டளையில் புதுப் பூலின் பெயரைச் சொல்லி நகலெடுங்கள். நகலைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பின் பழையதை நீக்குங்கள். நகரும் வரை முதல் பூலின் இடம் குறையாது.

பேக்கப்பும் மின்சாரமும்

வரம்பை ஏற்றுவது ஒரு நொடி வேலை. குளோனும் பேக்கப்பும் மணிக்கணக்கில் ஓடும். லோட் ஷெடிங் 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று மின்சாரம் போகத்தான் செய்கிறது. மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது. சுவரில் செருகிய வெளி டிஸ்க்குக்கு இல்லை. அதையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள், அல்லது கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சின்ன டிஸ்க்காக வாங்குங்கள்.

கியூப்ஸின் பேக்கப் கருவியில் எந்தக் கியூப்கள் என்று தேர்ந்தெடுக்கலாம். டெம்ப்ளேட்களை விட்டுவிடலாம், திரும்ப இறக்கிக்கொள்ளும் விஷயம்தான். நீங்கள் நிறைய மாற்றம் செய்த டெம்ப்ளேட்டாக இருந்தால் மட்டும் சேருங்கள். சுருக்குவதையும் டிக் செய்யுங்கள். பேக்கப் தானே குறியாக்கம் ஆகிறது. அதன் கடவுச்சொல் போனால் பேக்கப்பும் போனது போலத்தான். முடிந்ததும் அந்த டிஸ்க்கை வீட்டுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நேட்டாலில் வீட்டோடு போன கணினிகளை எண்ணிப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ரெஸ்டோர் கருவியில் எதையும் மீட்டெடுக்காமல் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. பூலிலிருந்து எதையும் நீக்குவதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். முழுதும் ஓடி முடிய விட்டு, பிழை எதுவும் இல்லை என்று வந்த பிறகு 'கியூவிஎம்-ரிமூவ்' பக்கம் போகலாம்.